மண்கட்டி சுமந்த தோள்கள்

காசு வாங்கிக்கொண்டு விளையாடுகிறவன் மட்டம். காசு வாங்காமல் விளையாடுகிறவன் உயர்ந்தவன். இப்படி ஒரு நியாயத்தை உலகத்தில் முதலில் எழுதி வைத்தவர்கள் யார் தெரியுமா, தோழர்களே? வயிற்றுப்பாட்டுக்காக உழைக்க வேண்டிய அவசியமே இல்லாதவர்கள்தான்!

இங்கிலாந்திலே ஹென்லி என்ற ஊரில் ஆண்டுதோறும் பெரிய படகுப் பந்தயம் நடக்கும். 1879ஆம் ஆண்டு அதன் நிர்வாகிகள் ஒரு விதி செய்தார்கள். கூலிக்கு உழைக்கும் மெக்கானிக்கோ, கைத்தொழிலாளியோ, கூலியாளோ 'அமெச்சூர்' ஆக மாட்டான். அவனுக்குப் பந்தயத்தில் இடமில்லை என்றார்கள். படகு வலிக்கப் பணம் வாங்கினானா என்பது அங்கே கேள்வியே அல்ல. பட்டறையில் சுத்தியல் பிடித்த கையா? போதும், வெளியே நில்!

கடல் கடந்து கனடாவுக்குப் போனால் அங்கே இன்னொரு வேடிக்கை. லாக்ராஸ் என்று ஓர் ஆட்டம். நீண்ட கோலின் நுனியில் வலை பின்னியிருக்கும். அந்த வலையால் பந்தை ஏந்தி, ஓடி, வீசி, எதிரியின் கோலுக்குள் போட வேண்டும். இது அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் கண்ட ஆட்டம். அதை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டு, 1867இல் விதிகளை எழுதிச் சங்கம் அமைத்தவர் மாண்ட்ரியாலில் இருந்த ஜார்ஜ் பியர்ஸ் என்ற பல் வைத்தியர். பதின்மூன்றே ஆண்டுகள் சென்றன. 1880இல் அந்தச் சங்கம் தன் பெயரில் அமெச்சூர் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. பூர்வகுடி அணிகள் வழிச்செலவுக்குக் காசு வாங்குகின்றன, ஆகவே அவர்கள் தொழில்முறைக்காரர்கள் என்று கூறி, சாம்பியன் போட்டியிலிருந்து அவர்களைத் தள்ளி வைத்தார்கள். ஆட்டத்தைப் பெற்றவனுக்கே ஆட்டத்தில் இடமில்லை!

இந்த அமெச்சூர் மதிலுக்கு வெளியே பிறந்து, உள்ளே புகுந்து, பிறகு தானாகவே அதைத் தாண்டி வெளியே வந்தவர் ஒருவர். அவர் பெயர் லயனல் கோனாக்கர். கனடாவில் அந்தப் பெயரை அறியாத விளையாட்டு ரசிகர் இல்லை. பெரிய ரயில் என்பது மக்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர்.

1900ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் தேதி, டொரோண்டோ நகரில் அவர் பிறந்தார். டேவன்போர்ட் என்ற ஏழைகளின் பேட்டையில் குடித்தனம். வீட்டில் பத்துக் குழந்தைகள். ஆண் ஐந்து, பெண் ஐந்து. ஆண்களில் மூத்தவர் லயனல். தகப்பனார் வண்டி ஓட்டுகிறவர். கோடைக்காலத்தில் பிறர் வீடு கட்டுவதற்கு அஸ்திவாரம் தோண்டுவார். குளிர்காலம் வந்துவிட்டால், பிறர் சறுக்கி விளையாடுவதற்காக உறைந்த குளங்களின்மேல் விழுந்து கிடக்கும் பனியை வழித்துத் தள்ளுவார். இரண்டு வேலையும் பிறர் சுகத்துக்கு. பன்னிரண்டு வயிற்றுக்கு அந்தக் கூலி எந்த மூலைக்குக் காணும்?

எட்டாம் வகுப்போடு பையனின் படிப்பு நின்றது. புல்லோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்த மண்கட்டிகளைச் சுமக்கும் வேலைக்குப் போனார். புதிய வீடுகளின் முன்னால் பச்சைப் புல்தரை வேண்டுமல்லவா? அதற்கான மண்கட்டி. நாள் ஒன்றுக்குப் பத்து மணி நேரம். வாரம் முழுவதும் சுமந்ததால் வீட்டுக்குக் கூடுதலாக வந்தது ஒரு டாலர்.

பள்ளியில் இருந்த சில வருஷத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஜெஸ்ஸி கெச்சம் பள்ளியின் தலைமையாசிரியர், பையன்கள் தெருச் சண்டையில் இறங்காமல் இருக்க வேண்டுமென்றால் அவர்களைக் களைத்துப்போகும்வரை விளையாட விட வேண்டும் என்று எண்ணியவர். அவர் போட்ட விதை கோனாக்கர் வீட்டில் நன்றாகவே முளைத்தது. லயனலின் தம்பிகள் சார்லி, ராய் இருவரும்கூடப் பின்னாளில் பேர்பெற்ற ஹாக்கி வீரர்கள் ஆனார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கனடாக்காரர் ஹாக்கி என்றால் அது நம் ஊர்ப் புல்தரை ஹாக்கி அல்ல. உறைந்த பனிக்கட்டிமேல், காலணியில் எஃகுக் கத்தி பூட்டிச் சறுக்கியபடி, கெட்டி ரப்பர் வட்டைக் கோலால் அடித்து ஆடுவது. அந்த நாட்டில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே சறுக்கவும் பழகுவார்கள் என்று சொல்வதுண்டு. ஆனால் அந்தச் சறுக்குக் காலணிக்குக் காசு வேண்டுமே! குளத்துப் பனியை வழித்த வண்டிக்காரரின் மகன் சறுக்கக் கற்றது பதினாறாவது வயதில்தான். அதுவரை செலவில்லாத ஆட்டங்கள்: கால்பந்து, மல்யுத்தம், குத்துச்சண்டை, லாக்ராஸ். பதினாறு வயதில் ஒண்டாரியோ மாகாண மல்யுத்தப் பட்டம். 1920இல் கனடாவின் லைட் ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டம்.

இப்படிக் காலங்கடந்து கற்றதால் அவருடைய சறுக்கலில் கடைசிவரை லாவகம் வரவில்லை. அவரே அதை உணர்ந்திருந்தார். வேகத்தில் பிறரை மிஞ்ச முடியாதென்றால் என்ன செய்வது? உடம்பைக் கொடுத்தார். எதிரி வட்டை அடிக்கும் நேரத்தில் ஒரு முழங்காலில் சரிந்து, தன் உடலையே குறுக்கே போட்டுத் தடுத்தார். கோல் காப்பவர் செய்ய வேண்டிய வேலையை, கோலுக்கு வெகு தூரத்துக்கு முன்னால் இவர் செய்தார். இன்றைக்கு எல்லாத் தடுப்பாட்டக்காரர்களும் செய்யும் இந்த வித்தைக்கு வழிகாட்டியவர்களில் அவர் ஒருவர். அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு: உடைந்த மூக்கு, முகமெங்கும் தையல். சறுக்குக் காலணி வாங்க முடியாமல்போன அந்தப் பத்து வருஷத்துக்கான வட்டியை அவருடைய முகமே கட்டியது.

1921 டிசம்பரில் கனடா கால்பந்தின் கிரே கோப்பைக்கான இறுதிப் பந்தயம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம் அது. டொரோண்டோ ஆர்கோநாட்ஸ் அணி எட்மண்டன் அணியை 23க்கு 0 என்று தோற்கடித்தது. அந்த 23 புள்ளிகளில் 15 கோனாக்கருடையவை. ஆட்டம் முடியும்வரைகூட அவர் இருக்கவில்லை. வெற்றி உறுதியானதும் முக்கால் பாகத்தோடு கிளம்பிவிட்டார். எங்கே? அன்றே வேறொரு மைதானத்தில் அவருக்கு ஹாக்கிப் பந்தயம் இருந்தது!

அடுத்த ஆண்டு நடந்தது அதைவிடப் பெரிது. ஒரே நாளில் இரண்டு இறுதிப் போட்டிகள். முதலில் பேஸ்பால். பந்தை அடித்துவிட்டு, பேஸ் எனப்படும் நான்கு முனைகளையும் சுற்றி ஓடி வந்தால் புள்ளி. கடைசிக் கட்டத்தில் அவர் அடித்த அடியில் மூன்றாவது முனைவரை ஓடினார். நகர சாம்பியன் பட்டம் அவருடைய ஹில்கிரெஸ்ட்ஸ் அணிக்குக் கிடைத்தது. வியர்வை உலரவில்லை, ஊரின் மறுகோடிக்குப் பறந்தார். அங்கே மாகாண லாக்ராஸ் இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி பின்தங்கிக் கிடந்தது. கோலைக் கையில் எடுத்தார். நான்கு கோல் போட்டார். அந்தப் பட்டமும் கிடைத்தது.

இவ்வளவுக்கும் அவருக்குக் கிடைத்த பணம்? ஒரு காசும் இல்லை. அமெச்சூர் அல்லவா!

டொரோண்டோவின் தொழில்முறை ஹாக்கிக் கம்பெனி ஒரு பருவத்துக்கு 3000 டாலர் தருவதாகக் கூப்பிட்டது, போகவில்லை. மாண்ட்ரியால் கம்பெனி 5000 டாலர் என்றது, போகவில்லை. ஒரு டாலருக்காக வாரமெல்லாம் மண் சுமந்தவர் ஏன் மறுத்தார்? சிலர் இதைத் தியாகம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைய விதிப்படி ஓர் ஆட்டத்தில் காசு வாங்கிவிட்டால் மற்ற எல்லா ஆட்டத்திலும் கதவு அடைபடும். ஐந்தாறு ஆட்டங்களை உயிராக நேசித்தவன் ஒன்றுக்காக மற்றதையெல்லாம் எப்படி விடுவான்? அமெச்சூர் என்ற பட்டம் அவருக்குக் கௌரவம் அல்ல. காலில் போட்ட விலங்கு.

1923இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கே அமெச்சூர் ஹாக்கி அணியில் இடம். கூடவே படிக்க வசதி. எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர் இருபத்து மூன்று வயதில் மறுபடியும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தார். பெல்ஃபாண்ட் அகாடமியில் பள்ளிப் படிப்பை முடித்தார்; பிறகு டுகேன் கல்லூரி. நூற்றுக்கணக்கான கோல்களைவிட அவருடைய வாழ்க்கையில் பெரிய கோல் இதுதான் என்பேன்.

1925இல் அந்த அணியே தொழில்முறை அணியாக மாறி, நேஷனல் ஹாக்கி லீக்கில் சேர்ந்தது. கோனாக்கரும் கையெழுத்துப் போட்டார். ஆண்டுக்கு 7500 டாலர். அன்று முதல் அவர் சம்பளக்காரர்.

சம்பளக்காரர் என்றால் போதாது. சரக்கு என்றும் சொல்லலாம். அடுத்த ஆண்டே பிட்ஸ்பர்க் முதலாளி, வேறோர் ஆட்டக்காரனையும் 2000 டாலரையும் வாங்கிக்கொண்டு இவரை நியூயார்க் அமெரிக்கன்ஸ் அணிக்குத் தள்ளிவிட்டார். ஆளைக் கேட்டா செய்தார்கள்? ஒப்பந்தத்தில் ஆட்டக்காரன் பெயர் இருந்தால் அவன் கம்பெனிச் சொத்து. தறியை விற்பது போல விற்கலாம்.

நியூயார்க் அணியின் முதலாளி பில் டுவையர் என்பவர். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. டுவையரின் தொழில் என்ன தெரியுமா? கள்ளத்தனமாகச் சாராயம் இறக்குமதி செய்வது! அப்படிப்பட்டவரிடம் சம்பளம் வாங்கிய வீரர்களுக்கு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் குடிக்கு மட்டும் பஞ்சமில்லை. கோனாக்கரும் அதில் விழுந்தார். நன்றாகவே விழுந்தார். எழுந்தது முதல் குழந்தை பிறந்தபோது. அன்று விட்ட குடியை அவர் மறுபடி தொடவில்லை. நம் தோழர்களில் சிலர் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்; நான் யாரையும் பெயர் சொல்லவில்லை.

1930இல் மாண்ட்ரியால் மரூன்ஸ் அணிக்கு மாற்றினார்கள். உலகமெங்கும் பொருளாதார நெருக்கடி. ஆலைகள் மூடிக் கிடந்தன. வேலையில்லாதோர் வரிசை தெருவெல்லாம் நீண்டது. ஹாக்கி முதலாளிகளுக்கும் ஒரு கவலை. இலட்சக்கணக்கில் கொட்டிக் கட்டிய அரங்குகள் கோடையில் பனியில்லாமல் சும்மா கிடக்கின்றனவே! அப்போது உதித்ததுதான் அரங்கத்து லாக்ராஸ். திறந்த மைதானத்தில் பன்னிரண்டு பேர் ஆடிய பழைய ஆட்டத்தைச் சுருக்கி, ஆளைக் குறைத்து, ஹாக்கி அரங்கின் நான்கு சுவருக்குள் அடைத்தார்கள். 1931இல் அதற்கென ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் ஹாக்கி ஆடிய அதே கோனாக்கர், கோடையில் அதே அரங்கில், அதே மரூன்ஸ் பெயரில் லாக்ராஸ் ஆடினார். பருவம் மாறியது, எஜமானன் மாறவில்லை.

அந்த லீக் இரண்டு கோடைகளுக்குமேல் நீடிக்கவில்லை. ஆனால் முதலாளியின் காலி அரங்கத்துக்காகப் பிறந்த அந்த ஆட்டம் சாகவில்லை. கனடாவின் தொழிற்பேட்டைகளில் அது வேரூன்றியது. பழைய மைதான ஆட்டத்தை அது அங்கே ஏறக்குறைய ஒழித்தேவிட்டது. பூர்வகுடி இளைஞர்களும் திரளாக வந்து ஆடினார்கள். 1880இல் சாத்திய கதவு சுவருக்குள் அடைத்த ஆட்டத்தின் வழியாகத் திறந்தது ஒரு விசித்திரம்.

கோனாக்கருக்கோ ஓய்வில்லை. ஒரு கோடையில் லாக்ராஸ், மறு கோடையில் காசுக்கு மல்யுத்தம். 1933இல் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியையும் திரட்டினார். அதற்குப் பணம் போட்டது ஊறுகாயும் சாஸும் விற்கும் ஒரு கம்பெனி! அணிக்குச் சமையற்காரர்கள் என்றே பெயர் வைத்தார்கள். சிரிக்க வேண்டாம். குடும்பம் நடக்க வேண்டுமே!

1934இல் சிகாகோ அணியில் ஆடி ஸ்டான்லி கோப்பையை வென்றார். ஹாக்கியில் அதற்கு மேல் கோப்பை கிடையாது. சிகாகோ முதலாளி காட்டிய நன்றி என்ன? அதே ஆண்டு அக்டோபரில் மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணிக்கு அவரைக் கொடுத்துவிட்டார். அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்குள் அங்கிருந்து மறுபடியும் மரூன்ஸுக்குக் கைமாற்றினார்கள். அடுத்த வசந்தத்தில் மரூன்ஸ் அணியே ஸ்டான்லி கோப்பையை வென்றது. தோற்ற டொரோண்டோ அணியில் முன்னணி வீரர் யார்? தம்பி சார்லி கோனாக்கர்!

1937இல் ஹாக்கிக் கோலைக் கீழே வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஒண்டாரியோ சட்டசபைத் தேர்தல். டொரோண்டோவின் பிராகண்டேல் தொகுதியில் லிபரல் கட்சி அபேட்சகராக நின்றார்; வென்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், தோழர்களே. அந்த மாகாணத்தின் லிபரல் கட்சி முதன்மந்திரி மிட்சல் ஹெப்பர்ன். அதே 1937 ஏப்ரலில், டொரோண்டோவுக்குக் கிழக்கே ஓஷாவா நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் ஏறத்தாழ நாலாயிரம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்க இணைப்பை அங்கீகரிக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஹெப்பர்ன் என்ன செய்தார்? தனிப் போலீஸ் படை திரட்டினார். அந்தப் படை ஒருநாளும் ஓஷாவாவுக்குள் போகும் வேளை வரவில்லை; தொழிலாளர் அமைதியாக நின்று, பதினைந்து நாளில் கம்பெனியோடு ஒப்பந்தம் பெற்றார்கள். ஆனால் அந்தச் சங்கத்தை எதிர்ப்பதையே முழக்கமாக வைத்து ஹெப்பர்ன் தேர்தலுக்குப் போனார். அந்தக் கொடியின் கீழ்தான் மண் சுமந்த பையன் நின்றார்.

அவரைத் துரோகி என்று எழுத என் பேனா வரவில்லை. முதலாளி மாறி முதலாளியிடம் விற்கப்பட்டபோது அவருக்குச் சங்கம் என்று ஒன்று இருந்ததில்லை. தனியாளாகவே பேரம் பேசி, தனியாளாகவே அடிபட்டவர். கூட்டாக நிற்பதன் பலத்தை அவர் மைதானத்துக்குள் மட்டுமே கண்டிருந்தார். அவர் புகழை வாக்காக மாற்றக் கட்சிக்குத் தெரிந்திருந்தது. மாகாண விளையாட்டு ஆணையத்துக்குத் தலைவராக இருந்து, குத்துச்சண்டையில் நடந்த ஊழல்களை எதிர்த்தார். பிள்ளைகள் விளையாட வசதி வேண்டும் என்று உழைத்தார். இதுவும் உண்மை.

புகழுக்கு விழுந்த வாக்கு எப்போதும் விழுமா? 1943 தேர்தலில் அதே பிராகண்டேலில் அவரை எதிர்த்து சி.சி.எஃப். என்ற உழைப்பாளர் கட்சியின் சார்பில் ஒரு பெண்மணி நின்றார். ரே லக்காக் என்பது பெயர். விவசாயிகள் இயக்கத் தலைவர் ஒருவரின் மகள். கோப்பைகளை வென்ற கோனாக்கரை அவர் தோற்கடித்தார்! அந்தச் சட்டசபைக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு பெண்களில் அவர் ஒருவர்.

1945இல் டிரினிட்டி தொகுதியில் பார்லிமெண்டுக்கு நின்று கோனாக்கர் மறுபடியும் தோற்றார். 1949இல் மீண்டும் நின்றார். இம்முறை எதிரிகளில் ஒருவர் கனடா கம்யூனிஸ்டுகளின் தலைவர் டிம் பக். மெக்கானிக் தொழிலாளி, கொள்கைக்காகக் கிங்ஸ்டன் சிறையில் கிடந்தவர், 1932இல் அங்கே கலவரம் நடந்தபோது அவருடைய அறைக்குள்ளேயே துப்பாக்கி சுட்டார்கள். ஒரு பக்கம் சிறை சென்ற தொழிலாளி. மறுபக்கம் கோப்பை வென்ற தொழிலாளி. டிரினிட்டி மக்கள் கோப்பையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1953இலும் அவரையே அனுப்பினார்கள்.

இதற்கிடையே 1950இல் கனடாவின் பத்திரிகைக்காரர்கள் கூடி, அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் கோனாக்கரே என்று வாக்களித்தார்கள். பெண்களில் அந்தப் பெருமை பாபி ரோசன்ஃபெல்டுக்கு. ரஷ்யச் சக்கரவர்த்தி ஆட்சிக் காலத்தில் அங்கிருந்து குழந்தையாக வந்து சேர்ந்தவர். டொரோண்டோவில் சாக்லேட் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே ஓடிப் பழகி, 1928 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். இருவரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். ஹென்லிக்காரர்கள் போட்ட விதிப்படி இருவருக்கும் வெளியேதான் இடம்!

1954 மே 26. ஒட்டாவா நகரில் பார்லிமெண்டுக் கட்டடத்தின் முன்னால் உள்ள புல்தரையில் ஒரு வேடிக்கைப் பந்தயம். அங்கத்தினர்கள் ஒரு பக்கம். பத்திரிகை நிருபர்கள் மறுபக்கம். ஆட்டம் ஸாஃப்ட்பால், பேஸ்பாலின் தங்கை என்று சொல்லலாம். கோனாக்கருக்கு ஐம்பத்து நாலு வயது நிறைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஆறாவது ஆட்ட முறையில் பந்தைத் தொலைவில் பறக்க அடித்தார். முதல் முனையில் நின்றிருக்கலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. இரண்டாவதில் நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. ஓடி ஓடி மூன்றாவது முனையை அடைந்தார். அடைந்தவர் அங்கேயே சரிந்தார். மூச்சு திரும்பவில்லை.

1955இல் தொடங்கி ஒவ்வொரு விளையாட்டுச் சபையும் அவர் பெயரைப் பொறித்துக்கொண்டது. லாக்ராஸ் மண்டபம் 1966இல் சேர்த்தது. அவர் பிழைப்பு நடத்திய ஹாக்கி மண்டபமோ வெகு பிந்தி, 1994இல் சேர்த்தது. அவர் இறந்து நாற்பது வருஷத்துக்குப் பிறகு!

டிரினிட்டி தொகுதிக்கு அதே 1954 நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது. லிபரல் கட்சி டொனால்டு காரிக் என்பவரை நிறுத்தியது. இரண்டு முறை கனடாவின் கோல்ஃப் சாம்பியன், 1928 ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் குத்துச்சண்டை போட்டவர், தொழிலால் வக்கீல். ஆட்டங்கள் எல்லாவற்றையும் அமெச்சூராகவே ஆடியவர். அவரும் வென்றார்.